காயாத கைலி

வலிமை எழுபத்தெட்டு. தரம் பூஜ்யம்.
நான்கு நாளாகத் திரை இதைத்தான் சொல்கிறது.
மழை போய்விட்டது. மோல்மேன் முழுக்க ஐப்பசி வெயில்
சல்வீன் ஆற்றைத் தகரமாய் அடித்து நீட்டியிருக்கிறது.
"இந்த வானத்துக்குப் படம் வராவிட்டால்
கோளாறு நம்மிடம்தான்" என்றார் தைரியநாதன்.

கடை இருந்தபோது அவர் பெயர் கோ ஸா வின்.
இப்போது கடைப் பலகையைப் படுக்க வைத்து
அதன்மேல் வெங்காயம் விற்கிறார்.
எங்கள் வீட்டுக்கும் கூடையோடுதான் வந்தார்,
மேலே இரண்டு வீசை வெங்காயம்
அடியில் ஸ்பேனர், மீட்டர், கறுப்பு டேப்.

வயரின் முனையைக் கழற்றி
செம்பு பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்தார். இல்லை.
நாக்கில் வைத்தார். உப்பும் இல்லை.
எல்.என்.பி. மூடியைத் திறந்தார், எறும்புக் கூட்டத்தை எதிர்பார்த்து.
ஏதோ பூச்சியின் ஒற்றை இறக்கை,
அதுவும் காய்ந்தது.
புதிதாக ஒன்றை மாட்டினார்.
கோணம்? மூன்று வருஷத்துக்கு முன்
என் நகப்பூச்சை வாங்கி அவரே போட்ட சிவப்புக் கோட்டில்
ஆணி அப்படியே நிற்கிறது.

டிஷ் மேல் எங்கள் துணிகள்.
அறிவிப்பு வந்த நாளிலிருந்து அது டிஷ் இல்லை, கொடி.
தெருவுக்குத் தெரியக் கூடாதென்று துணியை விலக்காமல்
தலையை மட்டும் உள்ளே விட்டு வேலை செய்தார்,
பழைய போட்டோக்காரர் மாதிரி.

நான் திரைக்கு முன்னால்.
நாத்தனார் வள்ளிமயில் பாதிப் படியில்.
எண்களைக் கத்த முடியாது. அதனால் பர்மிய மொழியில்
"வெங்காயம் எழுபத்தெட்டு!" என்பேன்.
"பூண்டு?"
"பூண்டே இல்லை!"
பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து
எனக்கும் அரை வீசை என்றாள்.
கொடுத்தோம்.

ஒரு மணிக்குப் போகிற கரண்ட்
அன்று போக மறந்துவிட்டது.
இரண்டு மணிக்கு அவர் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கையில்
யாரும் எதையும் தொடாமல்
தரம் அறுபத்து நான்கு.

"யார் என்ன செய்தது?"
"நான் ஒன்றும் செய்யவில்லை" வள்ளிமயில் மிரண்டாள்,
"காய்ந்துவிட்டதா என்று கைலியைத் தொட்டேன், அவ்வளவுதான்."

எச்சில் கையோடு மாடிக்கு ஓடினார்.
திரும்பி வரும்போது சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.
உலர்ந்த துணியில் அலை நுழைந்து போய்விடுமாம்.
ஈரத் துணி குடித்துவிடுமாம்.
மழைக்காலத்தில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை,
நாங்களும் மூடவில்லை, படம் வந்தது.
வெயில் வந்தது, மூடினோம்.
காலையில் துவைத்ததை மத்தியானம்வரை
வானத்துக்கும் எங்களுக்கும் நடுவே பிழிந்து போட்டிருக்கிறோம்.

அதற்குள் அந்தப் பெண் வாசிக்க ஆரம்பித்திருந்தாள்.
ஊர்ப் பெயர்கள். தாட்டோன். பிலின்.
ரசம் ஆறியது.
கடைசிப் பெயரும் முடிந்தது.
தம்பி இருக்கும் ஊர் இல்லை.
வள்ளிமயில் எழுந்து, தேவையே இல்லாமல்,
அடுப்பைத் துடைத்தாள்.

இப்போது காய்ந்ததை மாடியில் காயப்போடுகிறோம்.
ஈரமெல்லாம் வீட்டுக்குள். கட்டில்மேல் கயிறு, கயிற்றின்கீழ் சட்டி,
இரவெல்லாம் சொட்டுகிறது.

பதினோராம் நாள் வார்டு ஆபீஸ் எழுத்தர் ஊ தெய்ன் மவுங்
சைக்கிளை நிறுத்தி அண்ணாந்தார்.
"அந்த நீலக் கைலி இன்னுமா காயவில்லை?"
"கெட்டிச் சாயம்" என்றேன்.
என் வாயில் வேறெதுவும் வரவில்லை.
அவர் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போனார்.
அன்றிலிருந்து தினம் ஒரு நிறம் மாற்றுகிறேன்.

நேற்றுக் காலை அவர் தெரு வழியாக வந்தேன்.
அவர் வீட்டு மாடியில் ஒரு பச்சைப் போர்வை.
காற்றுக்கு ஓரம் மட்டும் படபடக்கிறது,
நடுவில் வட்டமாக உப்பியிருக்கிறது.
தண்ணீர் சொட்டச் சொட்ட.

பாவம், பூண்டே இருக்காது.
சொல்லலாமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.